வேண்டாம் என்று சொல்லப் போனவள்



கலியாணப் பேச்சுக்காலில் இடையில் நிற்பவருக்கு நல்ல பெயரும் வரும், கெட்ட பெயரும் வரும். கொரிய நாட்டிலும் இதற்கு ஒரு பழமொழி இருக்கிறது. சம்பந்தம் நன்றாக அமைந்தால் தரகருக்கு மூன்று கிண்ணம் மது, பிழைத்துப் போனால் கன்னத்தில் மூன்று அறை என்று அங்குள்ளவர்கள் சொல்வார்கள். நம்மூர்த் தரகர்மாருக்கு முதலாவது கிடைக்கிறதோ இல்லையோ, இரண்டாவது எப்போதாவது கிடைத்திருக்கும்.

இந்த மாதம் நாம் பேசப் போவது ஒரு கொரியத் தொடர் நாடகத்தைப் பற்றி. 2022ஆம் ஆண்டு பெப்ரவரி 28 முதல் ஏப்ரல் 5 வரை தென்கொரியாவின் எஸ்.பி.எஸ். தொலைக்காட்சியில் 12 பகுதிகளாக வந்தது. ஆங்கிலத்தில் ‘பிசினஸ் புரப்போசல்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கொரிய மொழியில் அதன் பெயர் ‘சனே மத்சொன்’. நம் பேச்சில் சொல்வதானால் ‘கந்தோருக்குள்ளே பொம்பிளை பார்க்கிறது’. முதலில் இணையத்தில் தொடர்கதையாக வந்து, பின்னர் படக்கதையாகி, அதன் பிறகு நாடகமானது.

“கஷ்டப்படுகிற சனங்களுக்குக் கொரியக் காதல் கதை எதற்கு?” என்று சிலர் கேட்கக்கூடும். நம்முடைய பிள்ளைகள் கைத்தொலைபேசியில் இந்த நாடகங்களைத்தான் பார்க்கிறார்கள். நம் நாட்டிலிருந்து கொரியாவுக்கு வேலைக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். பிள்ளை பார்க்கிறதைத் தாயும் ஒருமுறை பக்கத்தில் இருந்து பார்த்தால், இருவருக்கும் பேச ஒரு விஷயம் கிடைக்கும். அதோடு இது வயிறு நோகச் சிரிக்க வைக்கிற நாடகம். சிரிப்பதற்கு நமக்கும் உரிமை உண்டு.

கதை இதுதான். சின் ஹா-ரி என்பவள் ஓர் உணவு உற்பத்தி நிறுவனத்தில் புதிய உணவு வகைகளை உருவாக்கும் பிரிவில் வேலை செய்கிறாள். தாய் தகப்பன் பொரித்த கோழி விற்கும் சிறிய கடை வைத்திருக்கிறார்கள். அவளுடைய சம்பளமும் வீட்டுக்கு வேண்டும். அவளுடைய உயிர்த்தோழி ஜின் யொங்-சொ பெரிய முதலாளி ஒருவரின் மகள். தகப்பன் ஒன்றன்பின் ஒன்றாக மாப்பிள்ளைகளைக் கொண்டு வருகிறார். மகளுக்கு விருப்பமில்லை. தகப்பனிடம் நேரே சொல்லவும் துணிவில்லை. “எனக்குப் பதிலாக நீ போ. அவன் பயந்து ஓடுகிற மாதிரி நடந்துவிட்டு வா” என்று ஹா-ரியை அனுப்புகிறாள்.

ஹா-ரியும் கண்ணைப் பறிக்கிற உடுப்பும், வாய்க்கு வந்த பேச்சுமாகப் போய் இருக்கிறாள். அங்கே இருப்பவரைக் கண்டதும் அவளுக்கு மூச்சு நின்றுவிடுகிறது. அவர் காங் தே-மூ, அவள் வேலை செய்யும் நிறுவனத்தின் புதிய தலைவர். நல்ல காலம், அவருக்கு இவளைத் தெரியாது. அவள் தன்னால் முடிந்த அளவு கூத்தாடிவிட்டு, இனி இந்த ஆள் திரும்பியும் பார்க்கமாட்டார் என்ற நிம்மதியோடு வீட்டுக்குப் போகிறாள். அவரோ கலியாணம் செய்வோம் என்கிறார்! காரணம் காதல் இல்லை. அவருடைய தாத்தா, நிறுவனத்தின் பெரிய தலைவர், பெண் பார் பெண் பார் என்று பேரனை ஓய விடவில்லை. வேலை நேரம் வீணாகிறதே என்று அலுத்துப்போன பேரன், அடுத்ததாக வருகிற பெண் யாராக இருந்தாலும் முடித்துவிடுவது என்று முன்பே தீர்மானித்துவிட்டார்.

அதன் பிறகு நடப்பதெல்லாம் ஒளித்துப் பிடித்து விளையாட்டு. கந்தோரில் முதலாளி வந்தால் ஹா-ரி முகத்தை மறைக்கிறாள், மேசைக்கு அடியில் ஒளிக்கிறாள். ஆள்மாறாட்டம் தெரிய வந்ததும் அவர் அவளைச் சும்மா விடவில்லை. தாத்தாவுக்கு முன்னால் தன்னுடைய காதலியாக நடிக்கச் சொல்கிறார், அதற்குக் கூலியும் தருவதாகச் சொல்கிறார். தன்னிடம் வேலை செய்பவள்தான் இவள் என்பது அப்போதும் அவருக்குத் தெரியாது. நடிப்பு எப்படி முடியும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. கிம் செ-ஜொங் ஹா-ரியாகவும், ஆன் ஹியோ-சொப் தே-மூவாகவும் நடித்திருக்கிறார்கள்.

இனி, இந்த ‘மத்சொன்’ என்றால் என்ன என்று பார்ப்போம். மாப்பிள்ளையும் பெண்ணும் நேருக்கு நேர் இருந்து பார்த்துப் பேசுகிற சந்திப்பு அது. பெற்றோரோ, தெரிந்தவர்களோ, தரகரோ ஒழுங்கு செய்வார்கள். ஹோட்டல் ஒன்றில் கோப்பி குடித்தபடி நடக்கும். அதற்கு முந்திய காலத்தில் பெரியவர்களே எல்லாம் பேசி முடித்தார்கள். பிறந்த ஆண்டு, மாதம், நாள், நேரம் ஆகிய நான்கையும் எழுதி மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்கு அனுப்புவார்கள். அதை வைத்துப் பொருத்தம் பார்ப்பார்கள். நம்முடைய குறிப்புப் பார்ப்பதைப் போலத்தான். இன்றைக்கும் அதைப் பார்க்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். இன்று இதற்கென்றே கம்பனிகள் வந்துவிட்டன. படிப்பு, உத்தியோகம், சம்பளம், சொத்து, உயரம், குடும்பம் என்று எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்துச் சோடி சேர்க்கிறார்கள். நம்மூரில் சீதனப் பேச்சில் ஓடுகிற கணக்குத்தான் அங்கே கணினியில் ஓடுகிறது.

பேசிச் செய்யும் கலியாணம் எல்லாம் கெட்டது, காதலித்துச் செய்வதெல்லாம் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. பேசிச் செய்து சந்தோசமாக இருப்பவர்களையும், காதலித்துச் செய்து கண்ணீரோடு வருபவர்களையும் என்னுடைய வேலையில் நான் நாளாந்தம் சந்திக்கிறேன். கவனிக்க வேண்டியது வேறொன்று. இந்த நாடகத்தில் மூன்று பேர் இருக்கிறார்கள். மூன்று பேருக்கும் ‘வேண்டாம்’ என்று சொல்ல முடியவில்லை. சிரிப்பு எல்லாம் அதிலிருந்துதான் பிறக்கிறது.

யொங்-சொவுக்குத் தகப்பனிடம் ‘வேண்டாம்’ என்று சொல்ல முடியவில்லை. ஆகவே தோழியை அனுப்புகிறாள். தே-மூவுக்குத் தாத்தாவிடம் சொல்ல முடியவில்லை. ஆகவே முன்பின் தெரியாத ஒருத்திக்கு ‘ஓம்’ என்கிறார். ஹா-ரிக்குத் தோழியிடமும் சொல்ல முடியவில்லை, முதலாளியிடமும் சொல்ல முடியவில்லை. காரணம், அவளுக்குச் சம்பளம் வேண்டும். பணம் உள்ள இருவரும் தங்களுடைய ‘வேண்டாம்’ என்ற சொல்லை இன்னொருத்தியின் தலையில் கட்டிவிடுகிறார்கள். அதைச் சுமந்துகொண்டு போகிறவள் கோழிக்கடைக்காரரின் மகள். சமூகவியல் படித்தவர்கள் இதை வர்க்கம் என்றும், பால்நிலை என்றும், அதிகாரம் என்றும் பிரித்து எழுதுவார்கள். ஒரு தையல் பயிற்சி நிலையத்தில் நாங்கள் இந்தக் கதையைப் பற்றிப் பேசியபோது, அங்கிருந்த ஓர் அக்கா அதை ஒரே வரியில் சொல்லி முடித்தார்: “அவளுக்கு மாட்டன் எண்டு சொல்ல ஆள் அனுப்ப வசதி இருக்கு தங்கச்சி. எங்களுக்கு அதுவும் இல்லை.”

எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடிந்ததும் கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை.

முதலாளிக்கும் ஊழியைக்கும் இடையிலான விஷயத்துக்கு வருவோம். நாடகத்தில் தே-மூ அழகானவர், நேர்மையானவர், பிழை விட்டால் மன்னிப்புக் கேட்கிறவர். ஆகவே அவர் விடாமல் பின்னால் வருவது நமக்கு இனிக்கிறது. அதே முதலாளி வேறொரு குணம் உள்ளவராக இருந்தால்? அவர் ‘எனக்கு உன்னைப் பிடித்திருக்கிறது’ என்று சொல்லும்போது, அந்தப் பெண்ணின் மனதில் முதலில் வருவது காதலா, மாதக் கடைசியில் கட்ட வேண்டிய கடனா? விஷயம் வெளியே தெரிந்தால் கந்தோரில் யாருடைய பெயர் அடிபடும்? நாடகத்திலும் பேச்சு ஹா-ரி மேல்தான் விழுகிறது. முதலாளியை வளைத்துப் பிடித்தவள் என்ற பெயர் அவளுக்கு. அவரைப் பற்றி ஒருவரும் அப்படிச் சொல்லவில்லை.

கொரியப் பெண்கள் வேலைத்தலத்தில் இந்த நிலைக்கு வந்தது சும்மா இல்லை. 1950 முதல் 1953 வரை நடந்த யுத்தத்தில் அந்த நாடு சுடுகாடாகிப் போனது. பெருந்தொகையான பெண்கள் கணவரை இழந்தார்கள். சந்தையில் சாமான் விற்றும், தைத்தும், தொழிற்சாலைக்குப் போயும் பிள்ளைகளை வளர்த்தார்கள். ஆனாலும் பெண்ணின் வேலை கலியாணம் வரைக்கும்தான் என்ற எண்ணம் மாறவில்லை. 1970களின் நடுப்பகுதி வரையில் வங்கிகளில் சேரும் பெண்கள், கலியாணம் முடித்தால் வேலையை விடுவேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது.

1985இல் நடந்த வழக்கு ஒன்று அங்கே பெரிய பேச்சானது. வாகன விபத்தில் காயப்பட்ட இளம் பெண் ஊழியர் ஒருவர் நட்டஈடு கேட்டு நீதிமன்றம் போனார். பெண்கள் 25 வயதளவில் கலியாணம் முடித்து வேலையை விட்டுவிடுவார்கள் என்று சொல்லி, நீதிமன்றம் அந்த வயது வரைக்கும்தான் அவருடைய சம்பளத்தைக் கணக்கில் எடுத்தது. பெண்கள் அமைப்புகள் ஒன்று சேர்ந்து எதிர்த்தன. 1986இல் மேன்முறையீட்டில் அந்தக் கணக்கு மாற்றப்பட்டது. 1987இல் வேலையில் ஆண் பெண் சமத்துவத்துக்கான சட்டம் வந்தது. இன்றைக்கும் வளர்ந்த நாடுகளின் அமைப்பான ஓ.ஈ.சி.டி.யில் ஆண் பெண் சம்பள வித்தியாசம் மிகக் கூடிய நாடாகத் தென்கொரியாவே கணக்கிடப்பட்டு வந்திருக்கிறது. 2022இல் அந்த வித்தியாசம் 30 சதவீதத்துக்கும் மேல்.

இன்னொரு விஷயம், குறிப்பாகக் குடும்பத்தைத் தனியே சுமக்கும் சகோதரிகளுக்காக. கொரியாவில் ‘ஹோஜு’ என்று ஒரு முறை இருந்தது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் சட்டப்படி ஒரு தலைவர், அவர் ஆணாக இருக்க வேண்டும் என்பதே வழக்கம். கணவன் செத்துப் போனால் தலைமை மனைவிக்கு வராது, மகனுக்குப் போகும். அவன் தாயின் மடியில் இருக்கும் குழந்தையாக இருந்தாலும் சரி! உழைத்துச் சோறு போடுகிறவள் தாய், காகிதத்தில் தலைவன் பால்குடிப் பிள்ளை. பெண்கள் பல பத்து ஆண்டுகள் போராடினார்கள். 2005இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் இந்த முறை அரசியலமைப்புக்கு முரணானது என்றது. 2008 ஜனவரி 1 முதல் அது ஒழிந்தது. நாடகத்தில் ஹா-ரி துணிந்து ‘எனக்கு விருப்பமில்லை’, ‘எனக்கு விருப்பம்’ என்று தன் வாயால் சொல்கிற இடம் வரும்போது, அதற்குப் பின்னால் இத்தனை பெண்கள் நிற்கிறார்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

நாடகத்தில் என் மனதைத் தொட்ட பகுதி ஒன்று உண்டு. தே-மூ என்ற அந்தப் பெரிய மனிதர் மழைக்குப் பயப்படுகிறார். சிறு வயதில் மழை நாளில் நடந்த வாகன விபத்தில் தாயையும் தகப்பனையும் இழந்தவர் அவர். மழை பெய்தால் உடம்பு நடுங்குகிறது. எல்லாரையும் அதட்டி வேலை வாங்குகிறவர், வானம் இருண்டால் ஒரு சிறுபிள்ளையாகிவிடுகிறார். அவருடைய தாத்தா பேரனுக்கு எத்தனையோ பெண் பார்த்தார். குடும்பம் பார்த்தார், படிப்புப் பார்த்தார், சொத்துப் பார்த்தார். மழை பெய்யும்போது பேரனுக்குப் பக்கத்தில் யார் இருப்பார் என்று பார்க்க அவருக்கு வழி தெரியவில்லை. ஹா-ரி அறிவுரை சொல்லவில்லை, பழைய கதையைக் கிண்டவும் இல்லை. கூட இருக்கிறாள்.

நமக்கு இது விளங்கும். வெடிச் சத்தம் கேட்டால் நெஞ்சு அடைக்கிறவர்கள், ஹெலிகொப்டர் சத்தத்துக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழும்புகிறவர்கள், மே மாதம் பிறந்தால் நித்திரை இல்லாதவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். யுத்தம் 2009இல் முடிந்தது. உடம்புக்குள் இருப்பது அவ்வளவு கெதியில் முடியாது. கலியாணப் பேச்சில் இதை ஒருவரும் கேட்பதில்லை. கேட்டால் ‘பைத்தியம்’ என்று பெயர் வந்துவிடும் என்று பெண் வீட்டாரும் மறைப்பார்கள், மாப்பிள்ளை வீட்டாரும் மறைப்பார்கள். மறைத்துக் கட்டி வைத்த பிறகு இருவரும் தனித்தனியே நடுங்குவார்கள்.

தோழி யொங்-சொவின் கதையும் உண்டு. முதலாளியின் மகளான அவள் கடைசியில் தகப்பனின் வீட்டை விட்டு வெளியேறித் தன்பாட்டில் வாழத் தொடங்குகிறாள். அவள் விரும்புவது தே-மூவின் செயலாளர் சா சுங்-ஹூனை. அவர் அநாதை இல்லத்தில் வளர்ந்தவர். “உன்னுடைய ஆட்கள் யார்?” என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. நம்மூரிலும் இல்லங்களில் வளர்ந்த பிள்ளைகள் இன்று இருபதும் முப்பதும் வயதாகி நிற்கிறார்கள். பேச்சுக்கால் வரும்போது “தாய் தேப்பன் ஆர்? எந்த ஊர்? ஆர் முன்னுக்கு நிண்டு செய்யிறது?” என்ற கேள்வியிலேயே பல விஷயங்கள் முறிந்து போகின்றன. சுங்-ஹூன் தன்னுடைய நடத்தையையே தன் குலமாகக் காட்டுகிறார். அந்தக் கண்ணாடியைப் போட்டு நம்முடைய பிள்ளைகளையும் பார்க்க நாம் பழக வேண்டும்.

நம்மிடையே ‘வேண்டாம்’ என்று சொல்ல முடியாமல் போனவர்கள் எத்தனை பேர்? யுத்தத்தின் கடைசி ஆண்டுகளில் பிள்ளையைக் காப்பாற்றினால் போதும் என்று அவசர அவசரமாகக் கலியாணங்கள் கட்டி வைக்கப்பட்டன. பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அன்றைய நிலையில் அவர்களுக்கும் ‘வேண்டாம்’ என்று சொல்ல இடம் இருக்கவில்லை. ஆனால் பதிவும் இல்லாமல், பழக்கமும் இல்லாமல் நடந்த அந்தக் கலியாணங்களின் பாரத்தை இன்னும் சுமக்கிறவர்கள் பெண்களே.

கணவரை இழந்த சகோதரிகளுக்கு இரு பக்கமும் இடி. மறுமணம் செய்ய விரும்பினால் “இந்த வயசில உனக்கென்ன?” என்பார்கள். விருப்பமில்லை என்றால் “ஆம்பிளைத் துணை இல்லாமல் எப்பிடி?” என்பார்கள். இரண்டையும் சொல்கிறவர்கள் பல நேரம் ஒரே ஆட்கள்தான். தையல் நிலையத்தில் இருந்த இன்னொருவர் சொன்னார்: “எனக்கு ஒருத்தரைப் பேசி வந்தினம். எல்லாரும் என்ரை மாமியாரைக் கேட்டினம், அண்ணனைக் கேட்டினம், பிள்ளையளைக் கூடக் கேட்டினம். என்னைக் கேக்கேல்லை.” அவர் அந்தச் சம்பந்தத்துக்குச் சம்மதித்தாரா இல்லையா என்பது இங்கே முக்கியமில்லை. கேட்கவில்லை என்பதே முக்கியம்.

ஆகவே வீட்டில் ஒரு பேச்சுக்கால் வந்தால் நாம் செய்யக்கூடிய சில காரியங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, பெண்ணைத் தனியே வைத்துக் கேளுங்கள். பத்துப் பேர் முன்னால் கேட்டால் தலை ஆடும், மனம் ஆடாது. அவள் ‘வேண்டாம்’ என்றால் அதற்காக ஏச்சோ, கண்ணீரோ, பட்டினியோ தண்டனையாக வரக்கூடாது. ‘வேண்டாம்’ என்று பயமின்றிச் சொல்லக்கூடிய வீட்டில்தான் ‘ஓம்’ என்ற சொல்லுக்குப் பெறுமதி இருக்கும்.

இரண்டாவது, இருவரையும் ஒன்றுக்கு இரண்டு தரம் பேச விடுங்கள். தகப்பன் இல்லாத வீடு, காணாமல் போன அண்ணன், காயம், கடன், பயம் எல்லாவற்றையும் முன்னுக்கே சொல்லிக்கொள்ளட்டும். தெரிந்துகொண்டு வருகிறவர் நிற்பார்.

மூன்றாவது, பதிவு செய்யாமல் எந்தக் கலியாணமும் வேண்டாம். நாட்டின் பொதுச் சட்டப்படி கலியாண வயது 18. இருவரும் சம்மதித்துக் கையெழுத்து வைக்க வேண்டும். அந்தக் காகிதம் நாளைக்குப் பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கும், காணிக்கும், உதவித்தொகைக்கும் பேசும்.

நான்காவது, வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு. மேலதிகாரி விருப்பம் தெரிவித்தால் ‘இல்லை’ என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. நல்லவர் என்றால் அதோடு நிறுத்துவார். நிறுத்தாமல் தொந்தரவு செய்தால் அது குற்றம். 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின் பின்னர், தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு பாலியல் தொந்தரவைக் குற்றமாக்கியிருக்கிறது. வேலைத்தலத்தில் அதிகாரத்தில் உள்ளவர் செய்வதும் அதற்குள் அடங்கும். நாள், நேரம், சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள். பெண்களுக்கான உதவித் தொலைபேசி இலக்கம் 1938.

நாடகத்தின் முடிவில் கொரியத் தாத்தா மனம் மாறுகிறார், எல்லாம் சுபமாகிறது. நிஜ வாழ்க்கையில் தாத்தாமார் 12 பகுதிகளில் மாறுவதில்லை. தாய்மாரும் அப்படித்தான். ஆனால் யாராவது ஒருவர் தொடங்க வேண்டும். பிள்ளையோடு இருந்து இந்த நாடகத்தைப் பாருங்கள். ஹா-ரி மேசைக்கு அடியில் ஒளிக்கும்போது சேர்ந்து சிரியுங்கள். சிரித்து முடிந்ததும் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “உனக்கு ஒண்டு வேண்டாம் எண்டால் அதை என்னட்ட நேர சொல்லுவியோ, இல்லாட்டி ஆளனுப்புவியோ?”

அந்தப் பதிலைக் கோபப்படாமல் கேட்டுப் பாருங்கள்.